விலாசக்கா சொன்ன லாட்ஜ்

எங்கள் தெருவில் யாராவது சிட்டிக்குக் கிளம்பினால், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விலாசக்காவைப் பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி, இன்டர்வியூ, கோர்ட் கேஸ், எதுவானாலும் சரி. வீட்டின் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வழி சொல்லி அனுப்புவாள்.

"ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா நேர் எதிர்லயே லாட்ஜ். ஆட்டோக்காரன் கூப்பிடுவான், திரும்பியே பாக்காத. ரோட்டைத் தாண்டினா முடிஞ்சுது. கவுண்ட்டர்ல எங்க வீட்டுக்காரரைச் சொல்லு, சைக்கிள் கடைன்னு சொல்லு. பின்பக்க ரூம் கொடுப்பாங்க. சத்தம் இருக்காது."

நான் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவள். ஊர் விலாசமெல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. எனக்கே இந்த அம்மாளைக் கண்டால் கொஞ்சம் பொறாமை. விலாசக்கா என்ற பட்டப்பெயரை வைத்தது பால்காரர். அதற்காக அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான், வரி கேட்க வந்தவரைப் பார்ப்பது போல நிமிர்ந்து பார்ப்பாள்.

தங்கும் இடத்தைப் பற்றி அவளுக்கு ஒரே கொள்கைதான். "ரூம் எப்படி இருக்குன்னு கேக்காத. எங்க இருக்குன்னு கேளு" என்பாள். "மெத்தை மெத்துன்னு இருந்து என்னத்துக்கு? காலையில எழுந்து போற வேலைக்கு ரெண்டு பஸ் மாறணும்னா, அந்த மெத்தையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா போவ?" இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. கேட்டபடி நடக்காதவர்களும் இல்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, "லாட்ஜ் அருமைக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு முழுக்க மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். அவள் வீட்டு மாடியில் குடியிருந்த எனக்கு அந்தச் சத்தத்தை வைத்தே விஷயம் தெரிந்துவிடும்.

இத்தனையும் சொன்னவள் சிட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லாம் வீட்டுக்காரர் வாய்மொழி. சைக்கிள் கடைக்காரர் மாதம் ஒருமுறை டியூப், செயின், பெடல் எல்லாம் கொள்முதல் செய்யப் போவார், இரண்டு மூன்று நாள் தங்குவார். வந்ததும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து இவள் கேட்பாள்: வெந்நீர் எத்தனை மணி வரைக்கும், மாடிப்படி எந்தப் பக்கம், பக்கத்தில் மருந்துக்கடை உண்டா. அவர் ஒரு தடவை சொல்வதை இவள் தெருவுக்குப் பத்துத் தடவை சொல்வாள். தானும் வருகிறேன் என்றால் மட்டும், "என்ன இருக்கு அங்க? கூட்டமும் புகையும்" என்று முடித்துவிடுவார்.

அவளும் வற்புறுத்தியதில்லை. காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் சிட்டியில் இருந்தார். ஒரு காலத்தில் மாமனும் மச்சானுமாக இந்தச் சைக்கிள் கடையைச் சேர்ந்தே நடத்தினார்கள். ஏதோ ஒரு பேச்சில், வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கும்போது, "என் தங்கச்சியைக் கட்டலேன்னா உனக்கு ஏதுய்யா கடை?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். கடைக்காரருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றே வீட்டுக்கு வந்து, "அந்த வாசப்படியை மிதிச்சா என் வாசப்படியை மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அண்ணன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு சிட்டிக்குப் போய்விட்டார். விலாசக்கா புருஷன் பக்கம் நின்றாள். சும்மா நிற்கவில்லை, உறுதியாக நின்றாள். ஊருக்கெல்லாம் விலாசம் சொன்னவளுக்குப் பெற்ற தாய் இருக்கும் தெரு தெரியாது. கேட்கவும் மாட்டாள்.

அம்மா இறந்த செய்தியைக் கடைக்காரர்தான் கொண்டுவந்தார். அப்போது நான் மாடிக்குக் குடிவந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கொள்முதலுக்குப் போனவர் ஒருநாள் தாமதமாக வந்து, "மார்க்கெட்ல யாரோ சொன்னாங்க, உங்கம்மா போயிட்டாங்களாம். எடுத்தும் ஆச்சாம்" என்றார். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது. எங்கள் தெருவில் போன் என்றால் அவருடைய சைக்கிள் கடையில்தான். விலாசக்கா போய் மெஷினில் உட்கார்ந்தாள். அவர் பின்னாலேயே வந்து அவள் தலையில் கை வைத்து, "எனக்காக இருந்தியே, இதை நான் மறக்கமாட்டேன்" என்றாராம். இதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள் என்றாலும் பெருமையாகத்தான் சொன்னாள்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஆபீஸ் பரீட்சை வந்தது. சிட்டியில் தலைமை ஆபீஸில் போய் இரண்டு நாள் எழுத வேண்டும். அதே சமயத்தில் கடைக்காரர் ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். தனியாகப் போக எனக்குப் பயம். விலாசக்காவைத் துணைக்குக் கேட்டேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்னங்க, இவளுக்குத் துணையா நான் போயிட்டு வரேன். அப்படியே மார்க்கெட்ல சரக்கையும் சொல்லிட்டு வந்துடறேன்."

"சரக்கெல்லாம் நான் போன்ல சொல்லிக்கிறேன். லாரியில வந்துடும். நீ மார்க்கெட் பக்கமே போக வேணாம்" என்றார் அவர் அவசரமாக. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "தங்கறதுக்கு அந்த லாட்ஜ் வேணாம். இப்ப சரியில்லை. மூட்டைப்பூச்சி" என்றார்.

"போன வாரம்தானே நம்ம பிளவுஸ்பிட் கடைக்காரம்மா போயிட்டு வந்து நல்லா இருக்குன்னாங்க?"

"அவங்க உடம்புக்குத் தெரியாது. ஏரிக்கரைப் பக்கம் புதுசா ஒண்ணு கட்டியிருக்கான். பெரிய ரூம், பால்கனி எல்லாம் உண்டு. அங்க போங்க."

"ஏரிக்கரைக்கும் இவ ஆபீஸுக்கும் எவ்வளவு தூரம்?"

"தூரம் என்ன தூரம்? ரெண்டு பஸ்."

ரெண்டு பஸ் என்று சொன்னதுதான் அவர் செய்த தப்பு. விலாசக்காவிடம் போய் ரெண்டு பஸ் என்று சொல்லலாமா? "பரீட்சை எழுதப் போற பொண்ணு பால்கனியில நின்னு காத்து வாங்கவா போகுது? ஸ்டேஷன் எதிர் லாட்ஜ்தான். அங்கேருந்து ஆபீஸ் நடந்தே போயிடலாம். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், நான் போய் வேற எடத்துல தங்கினா என் பேச்சை யாரு மதிப்பா?" என்றாள். அவர் இன்னும் இரண்டு லாட்ஜ்களைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றில் தண்ணீர் கஷ்டம் கிடையாதாம், இன்னொன்றின் முதலாளி தங்கமான மனிதராம். கால் வலியில் மனுஷன் எரிச்சல்படுகிறார் என்று நினைத்து, அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு என்னோடு புறப்பட்டுவிட்டாள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவள் செய்த அமர்க்களம் இருக்கிறதே! ஆட்டோக்காரர் கூப்பிட, "நான் சொன்னேனா இல்லையா?" என்றாள். ரோட்டைத் தாண்ட, லாட்ஜ் போர்டு தெரிய, "சொன்னேனா இல்லையா?" என்று என் தோளில் ஒரு இடி. முதல் தடவை வருகிறவள் மாதிரியே இல்லை. கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட மேனேஜர் உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாள்.

"நாங்க சைக்கிள் கடையிலேருந்து வரோம்."

ஊர் பெயரைச் சொன்னதும் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா, வாங்கம்மா! நீங்கதான் அந்தத் தையல்கார அம்மாவா? உங்க ஊர்லேருந்து யார் வந்தாலும் உங்களைச் சொல்லிக்கிட்டுத்தான் வர்றாங்க. எங்களுக்கு இத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க, உங்களுக்கு நல்ல ரூம் கொடுக்கலேன்னா எப்படி?"

"அவர் எப்பவும் தங்கற ரூமையே கொடுத்துடுங்க."

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்தான். மாசாமாசம் வருவாரே."

மேனேஜர் சிரித்த முகம் மாறாமலே, "சாரை நான் பாத்ததே இல்லையேம்மா" என்றார். "ஏழெட்டு வருஷமா நான்தான் இந்த கவுண்ட்டர்ல இருக்கேன். உங்க ஊர்க்காரங்க எல்லாரும் 'அவர் எப்பவும் இங்கதான் தங்குவார், தெரியுமில்ல'ம்பாங்க. அப்படி யாரும் வர்றதில்லையேன்னு நானும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒருநாள் அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, நானும் பாக்கணும்."

பாவம், அந்த மனிதர் உபசாரமாகத்தான் சொன்னார். விலாசக்காவும் உபசாரமாகவே, "கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பின்பக்க ரூம். சத்தமே இல்லை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு மரக் கட்டில், சுவரில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அவள் பையைக் கூடக் கீழே வைக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"பால்காரர் வந்திருக்கார். பிளவுஸ்பிட் கடைக்காரம்மா ரெண்டு தடவை. அவரோட தங்கச்சி, அதான் என் நாத்தனார், கண் ஆபரேஷனுக்கு வந்து நாலு நாள் இருந்தா. எல்லார்கிட்டயும் இந்த மேனேஜர் சொல்லியிருக்கார்."

"ஆமாக்கா."

"எல்லாரும் வந்து 'லாட்ஜ் அருமைக்கா'ன்னாங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தெருவே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. பிற்பாடு நான் பால்காரரைப் பிடித்துக் கேட்டபோது, "வேற எங்கயோ ஒரு குடும்பம் வச்சிருக்கார்னு நினைச்சோம்மா. இந்த வயசுல சொல்லி எதுக்கு அவங்க நிம்மதியைக் கெடுக்கணும்?" என்றார். என்ன ஒரு கரிசனம்! அவள் சொன்ன லாட்ஜில் தங்கி, அவள் சொன்ன பெயரால் நல்ல ரூம் வாங்கி, வெந்நீரில் குளித்துவிட்டு வந்து அவளையே ஏமாற்றியிருக்கிறார்கள். அவள் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஐயோ பாவம் பார்த்திருக்கிறார்கள்.

விலாசக்காவுக்கும் வேறொரு குடும்பம் என்ற எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். மறுநாள் நான் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டி, தலையைப் படிய வாரி, நெற்றிப் பொட்டைப் புதிதாக வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். "மார்க்கெட்டுக்குப் போகலாம் வா. யாருன்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். அந்த இன்னொருத்தியை விடத் தான் அழகாக இருக்க வேண்டும் என்று அந்த நிலைமையிலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

சைக்கிள் சாமான் மொத்தக்கடைகள் இருந்த சந்தில், கடைக்காரர் வழக்கமாகச் சரக்கெடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எந்தக் கடை என்று அவள் இத்தனை வருஷம் கேட்டு வைத்திருந்தாளே. மொத்தக்கடை முதலாளி கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். டீ வரவழைத்தார்.

"வந்தா எங்க தங்குவார்?" என்று நேராகவே கேட்டாள்.

"வேற எங்கம்மா, மச்சான் வீட்டுலதான். இதோ பின்தெருதானே" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"எந்த மச்சான்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க அண்ணன்தான். எங்க கடை புரோக்கரே அவர்தானே."

டீ டம்ளரை அவள் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பின்தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. அண்ணன்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே இறுகிப் போனது. "இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றார். ஆனாலும் வழிவிட்டார். உள்ளே ஒரு சின்ன அறை. சுவரில் அம்மாவின் படம். கீழே கட்டில். கட்டிலுக்கு மேலே ஆணியில் ஒரு கட்டம்போட்ட சட்டை தொங்கியது. அது பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்ன சட்டை. அவளே தைத்தது. அவளுக்கு முன்னால் நான் அதைப் பார்த்துவிட்டேன், அவள் பார்க்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டாள்.

அண்ணன் பேசிக்கொண்டே போனார். அவருக்கும் எத்தனையோ வருஷத்து ஆற்றாமை.

"நான் பேசினது தப்புதான். ஒருநாள் மச்சான் லாட்ஜுல தங்கிட்டு மார்க்கெட்டுக்கு வந்தப்ப நானே போய்க் கையைப் பிடிச்சேன். மறுபேச்சுப் பேசாம வீட்டுக்கு வந்துட்டார். அன்னியிலேருந்து இதுதான் அவர் ரூம். அம்மா கையாலதான் சாப்பாடு. வரும்போதெல்லாம் அம்மா கேப்பாங்க, அவளைக் கூட்டிட்டு வரலையான்னு. 'கெஞ்சிப் பாத்துட்டேன் அத்தை, அவ மனசு இறங்கல'ன்னு சொல்வார். சொல்லும்போது கண்ணு கலங்கும் அவருக்கு. நான் லெட்டர் போடறேன்னேன். வேணாம், இன்னும் முறுக்கிக்குவா, என்கிட்ட விடுங்கன்னார். அம்மா போன அன்னிக்கும் அவர்தான் கூட இருந்தார். போன் பண்ணிச் சொல்லிட்டேன், வரமாட்டேன்னுட்டான்னு எல்லார் முன்னாடியும் சொல்லித் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை, அவரே என்னை மன்னிச்சுட்டார். கூடப் பொறந்தவ, உனக்கு அப்படி என்னம்மா கல் மனசு?"

நான் வாயைத் திறந்தேன். விலாசக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

"ஆமாண்ணே" என்றாள். "என் தப்புதான்."

இரண்டாம் நாள் பரீட்சையில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது ரயிலில் அவளோடு சண்டை பிடித்தேன். ஏன்க்கா பழியை ஏத்துக்கிட்டீங்க, உண்மையைப் போட்டு உடைச்சிருக்கலாமே என்று கத்தினேன். எதிர் சீட்டுக்காரர்கள் எங்களையே பார்த்தார்கள்.

"கட்டின புருஷனை அண்ணன் முன்னாடி எப்படிடி விட்டுக்கொடுக்கிறது? முதல்ல அவர் என்ன சொல்றார்னு கேக்கணும்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி பேசினாள். "வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட நாலு கேள்வி கேட்டுட்டு வந்திருப்பேன். எங்க அம்மா வீட்டை என்கிட்டேருந்து பிடுங்கிட்டு, அதுல போய் அவர் இருந்திருக்கார்டி."

வீட்டுக்குள் நுழைந்தபோது கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூல் மேல் வைத்திருந்தார். நான் மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாசலிலேயே நின்றேன்.

"லாட்ஜ் எப்படி இருந்துச்சு?" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

"லாட்ஜ் நல்லா இருந்துச்சு. எங்க அம்மா வீட்டு ரூமும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் காலைக் கீழே இறக்கினார். மறுக்கவில்லை. அந்த மட்டும் மரியாதை இருந்தது. "உன்கிட்ட அவ்வளவு வீராப்பாச் சொல்லிட்டு, நானே போய் அங்க சாப்பிட்டேன்னு எப்படிச் சொல்றது? உன் முன்னாடி நான் தோத்த மாதிரி ஆயிடாதா?" என்றார். "முதல் தடவை சும்மா ஒரு நாள்னுதான் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னாடியே வீடு. காலையில எழுந்தா கடை திறக்கும்போதே போய் நின்னுடலாம். லாட்ஜுலேருந்து அலையற வேலை இல்லை. சௌகரியமா இருந்துச்சு. அப்படியே பழகிப் போச்சு."

சௌகரியம்! இந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அவர் மேல் ஏதாவது தூக்கி எறியலாம் போல இருந்தது. விலாசக்கா அசையாமல் நின்றாள். பை இன்னும் அவள் தோளிலேயே இருந்தது.

"நான் வரமாட்டேன்னு சொன்னதா அம்மாகிட்ட சொன்னீங்களே."

"ஆமா."

"அதை அம்மா நம்பினாங்களா?"

அவர் வீங்கிய கணுக்காலைத் தடவிக்கொண்டார். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை பொய் சொன்ன மனுஷனுக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.

"முதல்ல நம்பல" என்றார். "அப்புறம் நம்பிட்டாங்க."

விலாசக்கா தலையை ஆட்டினாள். அழுதாளா என்று கேட்டால், அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவருடைய மாத்திரை மேஜை மேல் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே என்னைத் தாண்டி வாசலுக்கு இறங்கினாள்.

"எங்கக்கா?"

"அண்ணன்கிட்ட என் தப்புன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். "அவராவது உண்மையைத் தெரிஞ்சுக்கட்டும். போய்ச் சொல்லிட்டு வரேன்."